சீசன் முடியட்டும்

"ரத்தம் குடுத்தாச்சு, மூத்திரம் குடுத்தாச்சு. இன்னும் இன்னா வேணுமாம் இவங்களுக்கு? ரெண்டு கூடை மாங்காயா?" என்றான் லோகேஸ்வரன்.

திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தள பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காஞ்சனா, மொட்டைத் தலையிலிருந்து நழுவிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ரிசல்ட் வரணும்ங்க. கொஞ்சம் கம்முனு ஒக்காருங்க."

"ஒக்கார்ற நேரமா இது? சித்தூர்ல பேக்டரி வாசல்லேர்ந்து ரோடு வரிக்கும் லாரி நின்னுக்கினு கீது. இங்க நான் பெஞ்சத் தேச்சிக்கினு கீறேன்."

மாங்கூழ் தொழிற்சாலையில் அவன் கொள்முதல் சூப்பர்வைசர். மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால், வீடு என்பது அவனுக்குக் குளித்துச் சட்டை மாற்றும் இடம் மட்டுமே.

தொழிற்சாலையிலிருந்து உதவியாளனின் போன் அடித்தது. "செப்பு சிரஞ்சீவி... அழுகல் லோடா? திருப்பி அனுப்பு. ஆ, நேனு வஸ்துன்னா, வந்துடறேன். இங்க ஒண்ணுமில்ல, வீட்டுக்காரம்மா வேண்டுதலு."

வேண்டுதல் என்பதால்தான் அவன் வந்ததே. இரண்டு மாதமாகவே காஞ்சனா தனியாக பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். இரண்டாம் முறை மொட்டையோடு திரும்பினாள். தெருவில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. லட்டு எங்கே என்றுதான் கேட்டார்கள். கூட்டம், கிடைக்கவில்லை என்றாள்.

போன வாரம் அவனிடம் சொன்னாள். "உங்க ஒடம்புக்குதான் முடி குடுத்தேன். உங்கள டாக்டர்கிட்ட காட்டுறேன்னு வேண்டிக்கினு குடுத்தேன். காட்டலன்னா சாமி குத்தம் ஆய்டும்." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் லீவு போட்டான்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா பேக்டரியா வந்து நிக்கும்?" என்றாள் இப்போது.

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி கீறேன். ஒடம்புன்னா அப்டி இப்டிதான் இருக்கும் காஞ்சனா. போன வருசம் நீ சொல்லல? கை தூக்க முடில, டாக்டர்கிட்ட போலாம், போலாம்னு பிராணன எடுத்த. சீசன் முடியட்டும்னேன். அப்புறம் நீயே கேக்கறத வுட்டுட்ட. தானா சரியாப் பூட்ச்சா இல்லியா?"

எதிரே ஒரு கிழவர் தன் மனைவிக்குத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். காஞ்சனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிசல்ட் வந்தது. சர்க்கரை இல்லை. பிரஷர் இல்லை. இதயம் சீராக இருந்தது.

"பாத்தியா? இதுக்கு ஒரு நாள் போச்சு. வா, பஸ்ஸப் புடிக்கலாம்."

"மேல இன்னொரு டாக்டர் கீறாரு. அவரப் பாத்துட்டா முடிஞ்சிடும்."

"இன்னும் ஒருத்தரா?"

"இன்னிக்கு ஒரு நாள் எனக்காக வாங்க."

அவன் அலுத்துக்கொண்டே எழுந்தான். மாடிப்படியின் நடுவில் காஞ்சனா நின்றுவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"விரதம் விரதம்னு துன்னாம கெடந்தா இப்டித்தான். அந்த மலையையே நடந்து ஏறுனவ, மாடிப்படிக்கு மூச்சு வாங்குற!" என்று சிரித்தான். "திரும்பத் திரும்ப மொட்ட வேற. அந்தச் சாமிக்கே அலுத்துப் போயிருக்கும்."

"ஒரு தடவ குடுத்தா போதாதுன்னு தோணிச்சி," என்றாள் அவள்.

மறுபடியும் போன். சிரஞ்சீவிக்கு எடைமேடையில் ஏதோ தகராறு. லோகேஸ்வரன் பேசிக்கொண்டே அவள் பின்னால் நடந்தான். எந்தப் பிரிவு என்று வாசலில் எழுதியிருந்ததை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டான். டாக்டர் மேஜையை ஒட்டியிருந்த வட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டினான்.

"சீக்கிரம் பாருங்க சார். கீழ எல்லாம் நார்மல்னுட்டாங்க."

டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு காஞ்சனாவைப் பார்த்தார்.

"இவர்தானாம்மா?"

"ஆமா சார். கூட்டிக்கினு வந்துட்டேன்."

"கொஞ்சம் எழுந்திருங்க சார்," என்றார் டாக்டர் தெலுங்கு வாடை அடிக்கும் தமிழில். "அது பேஷண்ட் ஸ்டூல். அவங்க உக்காரட்டும்."

லோகேஸ்வரன் எழுந்தான். நீட்டிய கையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. காஞ்சனா ஸ்டூலில் உட்கார்ந்து தலை முந்தானையைப் பின்னுக்குத் தள்ளினாள். புருவத்திலும் முடி இல்லை என்பதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"ஒவ்வொரு தடவையும் தனியா வந்து மருந்து ஏத்திக்கிட்டுப் போனாங்க. முடி கொட்டினப்போகூட வீட்டுல சொல்லலைன்னாங்க," என்றார் டாக்டர். "மார்புல ஆரம்பிச்சது, ரொம்பப் பரவிடுச்சு சார். இனிமே ஏத்திப் பிரயோஜனம் இல்ல. அவங்களுக்குத் தெரியும். உங்களையும் நேர்ல பாத்துச் சொல்லிடணும்னுதான் வரச் சொன்னேன்."

சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"எனக்குன்னு கூப்ட்டிருந்தா, சீசன் முடியட்டும்னு சொல்லியிருப்பீங்க," என்றாள் காஞ்சனா, அவன் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டபடியே.