ஆட்டின் மணி

அன்று காலை பூனை கழுத்தில் ஒரு வெண்கல மணியோடு தொழுவத்துக்கு வந்தது. நாய்க்குக் கஞ்சி இறங்கவில்லை. ஐந்து வருடமாக அந்தத் தொழுவத்தைக் காத்த அதன் கழுத்தில் ஒரு கயிறுகூட இல்லை.

"என்ன அண்ணே, கண்ணு என் கழுத்தை விட்டு நகர மாட்டேங்குது? ஆசையா இருந்தா நீங்களே போட்டுக்குங்க. எனக்கு அலுத்துப்போச்சு" என்றது பூனை.

நாய் மணியை மாட்டிக்கொண்டு, கோழிகள் பார்க்கும்படி முற்றத்தை மூன்று முறை சுற்றியது.

மதியம் எருது வந்தது. தொழுவத்து வழக்குகளை அதுதான் விசாரிக்கும். பின்னால் ஆடு அழுதுகொண்டு நின்றது. நேற்று மாலையிலிருந்து அதன் மணியைக் காணவில்லை.

"தம்பி, இது உனக்கு எப்படிக் கிடைச்சுது? சரியான பதில் இல்லேன்னா திருடன் நீதான். இன்னிக்கே இங்கேயிருந்து போயிடணும்" என்றது எருது.

பூனை கொடுத்தது என்று சொன்னால் போதும். நாய் வாயைத் திறந்தது. வைக்கோல்போர் மேல் பூனை காலை நக்கிக்கொண்டிருந்தது. பூனை வேண்டாமென்று கழற்றியதையா இந்த நாய் இவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டு திரிந்தது என்று கோழிகள் சிரிக்கும்.

"எனக்கு யாரும் குடுக்கலை" என்றது நாய். "நானேதான் எடுத்தேன்."