முதலாளிக்கு ஒரு றோல்ஸ்

தை மாத வெயில் வெளிச்சத்தை மட்டும் தருகிறது; சூட்டைக் காணவில்லை. டென்மார்க்கின் வைலே கடலோரத்து மேசையில் பூச்சீலை விரித்து, இரண்டு ஜக்கெற்றுகளுக்குள் ஒடுங்கியபடி, குருசுமுத்து, மனைவி றெஜினா பொரித்துவந்த மீன் றோல்ஸைத் திறக்கிறார். குளிர்கடலில் முழுகியெழுந்த டெனிஷ்காரர்கள் பிறந்தமேனிக்கு, உடம்பில் ஆவி பறக்க, மரப்பாலத்தில் நடந்து வருகிறார்கள். குருசுமுத்து அவசரமாக வானத்தை ஆராயத் தொடங்குகிறார். "குருசுமுத்து!" தெரிந்த குரல். அவர் வேலைசெய்யும் தொழிற்சாலையின் முதலாளி தோர்கில், அதே கோலத்தில், அவித்த நண்டாகச் சிவந்து, ஈரக் கையை நீட்டிக்கொண்டு நேரே வருகிறார். முதலாளியைக் கண்டால் எழும்பி நிற்பது குருசுமுத்து ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். எழும்பிவிடுகிறார். தொப்பியையும் கழற்றுகிறார். கண்ணை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை. கடைசியில் முதலாளியின் இடது காதில் வைக்கிறார். வந்தவரை வெறுமனே அனுப்ப மனமில்லாமல் றோல்ஸ் பெட்டியை நீட்ட, முதலாளி ஒன்றைக் கடித்து, உறைப்பில் கண்கலங்கி, ஆறுதலாக நின்று சாப்பிடுகிறார். நெஞ்செல்லாம் தூள் கொட்டுகிறது. "இஞ்சரும், மனுசனுக்குத் துடைக்க ஒரு ரிஷ்யூ குடும்," என்கிறார் குருசுமுத்து மனைவியிடம். கடலுக்கு முதுகு காட்டி இருந்த றெஜினா, திரும்பாமலே பூச்சீலையை மேசையிலிருந்து உருவி நீட்டுகிறாள். "ரிஷ்யூ காணாதப்பா."