பத்தொன்பதாவது வரி

"ஏங்கண்ணு, இதை எவன் போட்டது?"

பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு இயக்குநர் குமாரசாமி, தன் போனை உதவியாளர் சித்ரகலாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். வாட்ஸ்அப்பில் நாலு வரி.

மாலை வகுப்புத் தேர்வு ஞாயிறு அல்ல, சனிக்கிழமை.
காலை பத்து மணி.
பழைய கட்டடம், அறை பன்னிரண்டு.
இன்றே சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிடுங்கள்.

"தகவல் சரிதானுங்க சார்."

"சரியா இருந்தாப் போதுமா? வேந்தர் அய்யா பேரு எங்க? மொட்டைக் கடுதாசி மாதிரி இருக்குது."

சித்ரகலா அவர் மேஜையைப் பார்த்தாள்.

இதே தகவலைக் காலை ஒன்பதே முக்காலுக்கே எழுதி அவர் மேஜையில் வைத்திருந்தாள். முதல் திருத்தத்தில் 'கல்வி வள்ளல்' சேர்ந்தது. அடுத்ததில் வேந்தரின் துணைவியார். மூன்றாவது முறை, வேந்தரின் படம் சின்னதாக இருக்கிறதாம். கடைசியில், மூலனூர்க் கல்யாணத்துக்குப் போன வேந்தர் நாளை வந்து பார்த்த பிறகுதான் வெளியே போகும் என்றாகிவிட்டது.

நாளை போய் என்ன செய்ய? மாலை வகுப்பில் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். போன் வாசல் செக்யூரிட்டியிடம் இருக்கும். நாலு மணி டீக்குப் பத்து நிமிடம் கைக்கு வரும். சனிக்கிழமை யார் யாருக்கு வேலை என்று வியாழன் சாயங்காலமே சூப்பர்வைசர் எழுதி முடித்துவிடுவார். இன்று வியாழன். லீவு கேட்காமல் விட்டால் தேர்வு போச்சு, ஒரு வருடம் போச்சு.

"மறுப்பு ஒன்னு போட்டுரு கண்ணு. அதிகாரப்பூர்வ அறிவிப்பு வர்ற வரைக்கும் எதையும் நம்ப வேண்டாம்னு. இப்பவே போகோணும்."

"வேந்தர் அய்யா பாக்க வேண்டாங்களா சார்?"

"மறுப்புக்கெல்லாம் எதுக்கு?"

மணி மூன்று ஐம்பது.

வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. உட்கார்ந்து தட்டினாள்.

'கொங்கு மண்ணின் கல்வி வள்ளல்' என்று ஆரம்பித்தாள். யாரும் கேட்காமலே துணைவியாரைச் சேர்த்தாள். பிறகு செயலாளர், இணைச் செயலாளர், இரண்டு அறக்கட்டளைகள், போன வருடம் வாங்கிய விருது. மறுப்பு பத்தொன்பதாவது வரியில் வந்தது.

குமாரசாமி படித்தார். முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் கண்ணு உனக்கு எழுதவே வருது."

அனுப்பினாள். திரையில் பட்டங்கள் மட்டும் தெரிந்தன. அதற்குக் கீழே 'மேலும் படிக்க'. கம்பெனி வாசலில் ஒரு கையில் டீ டம்ளர், மறு கையில் வடை. எந்த விரல் அதைத் தொடப்போகிறது?

தொட்டுவிட்டால்?

"முகம் கழுவிட்டு வர்றேனுங்க சார்."

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பாத்ரூம் கதவைத் தாழிட்டாள். கைப்பையின் அடியில் கிடந்த பழைய போனை எடுத்து, மதியம் அனுப்பியதில் விட்டுப்போன மூன்று வகுப்புகளுக்கும் அந்த நாலு வரியை அனுப்பினாள்.