பதில் குரல்

"உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வராம நீங்க மட்டும் வந்து உட்கார்ந்தா, நான் யாருக்கு மருந்து எழுதறது?" என்றார் டாக்டரம்மா, பேனாவை மூடி வைத்தபடி.

எதிரே இருந்தவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். உள்ளே வந்ததிலிருந்து இது நாலாவது தடவை. கதவு திறந்துதான் இருந்தது. சாத்த வேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். காலை பதினோரு மணி வெயில் வராந்தா முழுக்கக் கொட்டிக் கிடந்தது. அப்படியும் அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"அவர் வீட்டுல இருக்கார் டாக்டரம்மா. நான் சொல்றதை முதல்ல கேளுங்க."

அவள் கணவர் ரயில் ஓட்டுநர். முப்பத்து நாலு வருஷம் எக்ஸ்பிரஸ் வண்டி ஓட்டிவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ஓய்வு பெற்றார். எல்லாரும் கைகுலுக்கி, படம் எடுத்து அனுப்பி வைத்தார்கள். அன்றைக்கே தூக்கம் போய்விட்டது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுப்பார்; மறுபடி எழுந்துபோய் அதே குழாயைப் பார்ப்பார். அசதியில் கண் சொருகினால் போதும், தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுவார்.

"கண்ணை மூடினா, முதுகுக்குப் பின்னாடி ஆயிரம் பேர் பெட்டியில உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்காம். நான் தூங்கிட்டா அவங்க கதி என்னன்னு என்னைக் கேட்டார்."

ஓய்வு பெற்றவர்களுக்கு இப்படிப் பதற்றம் வருவது சகஜம்தான் என்றார் டாக்டரம்மா. உடம்பு ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிடும், மனசு வந்துசேரக் கொஞ்சம் நாளாகும் என்று ஆறுதலும் சொன்னார்.

அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. ரயில் இன்ஜினில் நடக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொன்னாள். உள்ளே இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், ஒருநாள் நடுராத்திரியில் அவர் படுக்கையறை இருட்டைப் பார்த்து, "பச்சை" என்றார். பதில் இல்லை. மறுபடியும், "பச்சை." மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. கூடத்தில் படுத்திருந்த அவளுக்கு அது கேட்டது. என்ன தோன்றியதோ, படுத்த இடத்திலிருந்தே "பச்சை" என்றாள். அடுத்த நிமிஷம் அவருடைய குறட்டை கேட்டது.

"கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல, நான் ஒரு வார்த்தை சொல்லி அந்த மனுஷன் அடங்கினது அதுதான் முதல் தடவை."

டாக்டரம்மா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வெளியே நர்ஸ் "ஏழாம் நம்பர்" என்று கூப்பிட, யாரோ தன் சீட்டைப் பார்த்து "ஏழாம் நம்பர்" என்று திருப்பிச் சொன்னார்கள். அவள் உடம்பு ஒருமுறை உதறி அடங்கியது.

அதற்குப் பிறகு ராத்திரிக்கு நாலைந்து தடவையாவது அவர் கூப்பிடுவார். அவள் பதில் சொல்வாள். நிறம் மாறாத வரைக்கும் தொந்தரவில்லை. ஒருநாள் மட்டும் "சிவப்பு" என்றார். அவளும் "சிவப்பு" என்றாள். அவர் கையை நீட்டி, பிரேக் போடுவதுபோல் எதையோ இழுத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்துவிட்டார். பச்சை விழுகிறவரை நகரக் கூடாதாம்.

"விடியற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எங்க வீடே எங்கயோ நடுக்காட்டுல நின்னுட்ட மாதிரி இருந்துச்சு."

டாக்டரம்மா அவள் முகத்தைக் கவனித்தார். கண்கள் இரண்டும் குழி விழுந்திருந்தன. பாவம், அவருக்குக் காவலிருந்தே இவள் பாதியாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் செய்வது நல்ல காரியம்தான், கொஞ்ச நாளைக்குப் பதில் சொல்வதை நிறுத்த வேண்டாம், அவர் தானாகவே பழகிவிடுவார் என்று சொல்லி, லேசான மாத்திரை ஒன்றை எழுதிச் சீட்டை நீட்டினார்.

அவள் அதைத் தொடவில்லை.

"மாத்திரை அவருக்கு வேண்டாம் டாக்டரம்மா. ஒரு வாரமா அசந்து தூங்கறாராம். இப்பவும் தூங்கிட்டுத்தான் இருக்கார்."

"அப்புறம் என்னம்மா? உங்க வைத்தியம் பலிச்சிருச்சு."

அவள் நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரல் தணிந்தது. அடுத்த தெருவில் இருக்கும் மகளுக்குப் போன வாரம் குழந்தை பிறந்தது. துணைக்கு ஆளில்லாமல் இவள்தான் போய் ஆறு நாளும் ராப்பகலாக அங்கேயே தங்கியிருந்தாள். தனியாக விட்டுவந்த மனுஷன் என்ன ஆனாரோ என்று அடித்துக்கொண்டு, இன்று காலையில்தான் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'பேத்தியைக்கூட விட்டுட்டு, தினம் ராத்திரி எனக்காக வந்து, கட்டில்ல பக்கத்துலயே உட்கார்ந்து பதில் சொல்லிட்டுப் போனியே'ன்னு கண் கலங்கறார்," என்றாள். "ஆறு நாளும் நான் எங்க வீட்டுப் பக்கமே வரலை, டாக்டரம்மா."