பன்னிரண்டாம் நம்பர்

திரைக்கு அந்தப் பக்கம் மக்பூல் அகமது காறித் துப்பினார்.

"இன்னும் எத்தினி உருப்படி இருக்குது, பீபி?"

ஆட்டுத்தோலை எண்ணும்போதும் அவர் அப்படித்தான் கேட்பார்.

திரைக்கு இந்தப் பக்கம் அஜீஸுன்னிசாவுக்குக் காதுமடல் எரிந்தது. பெண்கள் எல்லாரும் ஆபா என்று கூப்பிடும் வாத்தியாரம்மா அவள்தான். அவளைச் சுற்றிப் பதினொரு சின்னப் பெண்கள் பாயில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாசித்துக் காட்டி முடித்தவர்கள்.

"ஒண்ணு பாக்கி. பன்னெண்டாம் நம்பர்" என்றாள்.

அந்நிய ஆண்கள் காதில் பெண்பிள்ளைகளின் பெயர் விழக்கூடாது. அதனால் பரீட்சையில் எல்லாருக்கும் நம்பர்தான். முகம் கிடையாது, பெயர் கிடையாது. வெறும் குரல்.

திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது அஞ்சுமன், ஆம்பூர் தோல் முதலாளிகள் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னத் தருமச் சங்கம். வருஷத்துக்கு ஒரே ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் உதவி செய்வார்கள். இந்தப் பள்ளிக்கா, ஜோலார்பேட்டை ஆண்பிள்ளைகள் பள்ளிக்கா என்று இன்றைக்கு முடிவு. பன்னிரண்டு பெண்கள் வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதி போட்டவர் அந்த மூவரில் ஒருவரான மக்பூல் அகமது. ஒன்று குறைந்தாலும் நாளைக்குக் கதவில் பூட்டு.

பன்னிரண்டாவது பெண்ணுக்கு நேற்று அம்மை போட்டுவிட்டது.

அவள் இடத்தில் குர்ஷித் உட்கார்ந்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள், பகல் தொழுகைக்குப் பிறகு, பின்வாசல் வழியாக வந்து படித்துவிட்டுப் போகிறவள். அவள் பெயர் பள்ளிப் பதிவில் கிடையாது.

வேண்டாம் ஆபா என்றுதான் சொன்னாள். ஆபாதான் விடவில்லை.

"குழந்தை மாதிரி சன்னமா படி. அவருக்கு இன்னா தெரியப் போவுது?"

இப்போது திரைக்கு அப்பாலிருந்து மக்பூல் அகமதுவின் குரல் வந்தது. "பொஸ்தகம் வேணாம். எல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்குதுங்க." சட்டைப் பையைத் துழாவி, திரைக்கு அடியில் ஒரு காகிதத்தைத் தள்ளினார். "இத்தப் படிக்கச் சொல்லு, பாப்போம்."

மதராஸ் தோல் வியாபாரி அவருக்கு எழுதிய கடிதம். கோழி கிளறியது போல உருதுக் கையெழுத்து. அச்செழுத்து மட்டும் பழகிய சின்னப் பெண் எதுவும் இதில் ஒரு வரி தாண்டாது. தெரிந்துதான் தள்ளினார்.

குர்ஷித் எடுத்தாள்.

முதல் வரியைக் குரலை ஒடுக்கிப் படித்தாள். இரண்டாம் வரியில் ஒரு சொல்லில் திணறினாள். அது பிடிபட்டது. பிடிபட்ட சந்தோஷத்தில் மறந்துவிட்டாள். திரையை மறந்தாள். குழந்தைக் குரலை மறந்தாள். அவளுடைய சொந்தக் குரல் கணீரென்று எழுந்தது.

"தாங்கள் போன மாதம் அனுப்பிய தோலில் பாதி ஓட்டை. மீதிப் பாதி நாற்றம். தோல் பதப்படுத்தும் ஆவாரம்பட்டையில் கஞ்சத்தனம் செய்கிற முதலாளியோடு இனிமேல் எனக்கு வியாபாரம் இல்லை."

அந்தப் பக்கம் மூவரில் பெரியவரான ஷபீ அகமது தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாஸ்! பாஸ்! இன்னா மக்பூல் மியான், உன் பட்டைக் கதை பொம்பளைப் பிள்ளைங்க வரைக்கும் வந்துட்ச்சே!"

மூன்றாமவரும் சிரித்தார்.

மக்பூல் அகமதுவிடமிருந்து சத்தமே இல்லை. துப்பவும் இல்லை.

குரல் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்று ஆபாவுக்குப் புரிந்தது. பயம் வரவில்லை, கொண்டாட்டம்தான் வந்தது. யாருடைய குரல் என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் மற்ற இரண்டு பேர் முன்னால் மானம் போகும். விழுங்கட்டும். உருப்படி எண்ணிய வாயாலேயே விழுங்கட்டும்.

பேனா கீறியது. மூன்று கையெழுத்தும் போட்ட தாள் திரைக்கு அடியில் வந்தது. பள்ளிக்கூடம் பிழைத்தது.

மற்ற இருவரும் தெருவில் இறங்கும்வரை மக்பூல் அகமது அசையவில்லை. பிறகு திரையை ஒட்டி வந்து நின்றார்.

"பன்னெண்டாம் நம்பர் இனிமே வராது."

அவ்வளவு மெதுவாக அவர் பேசி ஆபா கேட்டதில்லை.

செருப்புச் சத்தம் தெருமுனை வரை போய் மறைந்தது.

குர்ஷித் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கழற்றி வைத்திருந்த கல்யாண வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். புர்காவை எடுத்தாள்.

"கடைத்தெரு சுத்திதான் வூட்டுக்கு வருவாரு, ஆபா" என்றாள், தலை நிமிராமல். "சந்து வழியா ஓடினா, அவரு வர்றதுக்குள்ள கால் கழுவத் தண்ணி வெச்சிடலாம்."