வாபஸ் மனு

குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பும் வழக்கைக் கைவிடும்படி நீதிபதி முன் அவள் மன்றாடினாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“கண்கலங்கினா போதுமாம்மா? குழந்தை அந்த வீட்டுல பத்திரமா இருக்கும்னு எப்படி நம்புறது?”

“அடிச்ச அப்பனைத் துரத்தியாச்சுங்கய்யா. பூட்டையும் மாத்தியாச்சு. ஆறு மாசத்துல பாப்பா மூணு கிலோ கூடியிருக்கா.”

“அவன் திரும்பி வந்தா?”

“போன மாசமே வந்தான்யா. கதவு திறக்கல. போலீஸ்தான் வந்து அள்ளிட்டுப் போச்சு.”

நீதிபதி புன்னகைத்தார். “சரி, வாபஸ் பெற அனுமதிக்கிறேன்.”

பின்வரிசையிலிருந்து குழந்தையோடு ஓடிவந்த தாய், வழக்குப் போட்டு, இன்று அதைக் கைவிட மன்றாடிய குழந்தைகள் நல அதிகாரியை இறுகக் கட்டிக்கொண்டாள்.

“ஆறு மாசமா சொல்லாம கொள்ளாம வந்து என் அடுப்படி டப்பாவையெல்லாம் உருட்டினீங்களே மேடம்! இனிமே சொல்லிட்டு, விருந்தாளியா வாங்க!”