நின்றபடியே ஓடிய கார்

"இது போலீஸ் காரா, தூங்குற மடமா?" என்று கத்தினான் லைல் ஹாகன்.

மெக்கானிக் கஸ் டாஷ்போர்டில் எரிந்த எண்களை இன்னொரு முறை படித்தான். எஞ்சின் ஓடிய நேரம் ஒன்பதாயிரத்து நானூறு மணி. அதில் வண்டி நகராமல், நின்றபடியே ஓடியது மட்டும் ஏழாயிரத்து நூறு.

"நின்னுக்கிட்டு ஓடுற ஒரு மணி நேரம், ரோட்ல முப்பது மைல் ஓடினதுக்குச் சமம்டா. மைல் கணக்கைப் பார்த்துதானே ஏலம் கேட்டே? இதைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலும் லைல் இல்லை. ஆறு லிட்டர் எஞ்சின், எட்டு சிலிண்டர். வெளியிலிருந்து பார்த்தால் பாதிரியார் ஓட்டுகிற கார் மாதிரி சாது. கம்பெனி அதைப் போலீசுக்கு மட்டும்தான் விற்றது. லைல் பதினோரு கடிதம் எழுதினான். 'மன்னிக்கவும், போலீசுக்கு மட்டும்' என்று பதினோரு பதில் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் போலீசில் சேர முடியுமா என்றுகூட விசாரித்துப் பார்த்தான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் அந்த வட்டாரப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸ் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, கையைத் தூக்கியவன் இறக்கவே இல்லை.

"திருடனைத் துரத்தின வண்டின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தேனே!"

"துரத்தியிருக்கும். திருடன் நடந்து போயிருப்பான்," என்றான் கஸ். "இதே ஏலத்துல போன இன்னொரு கார்ல இதுல பாதி மணிகூட இல்ல. இதை யாரு ஓட்டினது?"

"வெர்ன் நைகார்ட்."

கஸ் விசிலடித்தான். வெர்ன் நைகார்ட் இருபத்தாறு வருஷம் துணை ஷெரிஃபாக இருந்தவர். அங்கே போலீஸ் தலைவரான ஷெரிஃபை ஊரார் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள்; வருகிற நவம்பரில் அந்தத் தேர்தலில் நிற்கிறார். ஊரில் பாதி வீட்டுப் புல்வெளியில் ஆதரவாக அவர் பெயர்ப் பலகைதான் நிற்கிறது.

லைல் நேரே காபிக் கடைக்குப் போனான். வெர்ன் ஜன்னலோரமாக உட்கார்ந்து பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஓட்டின கார் இப்ப எங்கிட்ட இருக்கு."

"நல்ல வண்டிப்பா. எஞ்சின் ஆயிலை மட்டும் காலாகாலத்துல மாத்திடு."

"ஏழாயிரம் மணி நேரம் நின்னுக்கிட்டே ஓடியிருக்கு. எங்க நின்னீங்க?"

வெர்ன் கரண்டியைக் கீழே வைத்தார். "அங்கங்க நின்னேன்."

"வேலை நேரத்துலயா?"

"பாதி வேலை நேரம். மீதி என் நேரம்."

"ஹீட்டரைப் போட்டுக்கிட்டுத் தூங்கினீங்க, அதானே?"

"சில நாள் கண்ணசந்திருக்கேன். இல்லேன்னு சொல்லல."

லைலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க நின்னீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, இத்தோட விட்டுடறேன். இல்லேன்னா இந்த மீட்டரைப் போட்டோ எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பேன். ஊர்க்காசுல பெட்ரோல் எரிச்சுத் தூங்கினவருக்கு எத்தனை ஓட்டு விழுதுன்னு பாக்கலாம்."

வெர்ன் ஜன்னல் வழியே காரைப் பார்த்தார். அப்புறம் லைலைப் பார்த்தார்.

"கொடுத்துக்கப்பா," என்றார். மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டார்.

அந்த அலட்சியம்தான் லைலால் தாங்க முடியாததாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் கடிதத்தை எழுதி முடித்தான். பத்திரிகை ஆபீஸ் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். நாலரைக்கு அவன் வாசலில் காரைக் கிளப்பிய நேரம், டுலூத்தில் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு அவன் மனைவி டார்லா வந்து இறங்கினாள். அவளுக்குக் கார் என்றால் கலர் மட்டும்தான் தெரியும். இந்தக் காரை அவள் இன்னும் பார்க்கக்கூட இல்லை.

பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கா? அணைச்சுடறேன்."

"வேண்டாம். ஓடட்டும். இதை யாரு ஓட்டிக்கிட்டிருந்தாங்க?"

"வெர்ன் நைகார்ட். ஓட்டினான்னா சொல்றே? படிக்கிறேன் கேளு." லைல் இறங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடைசி வரியைப் படித்தான். "'ஏழாயிரம் மணி நேரம் தூங்கிய மனிதரின் கையிலா நம் ஊரை ஒப்படைக்கப் போகிறோம்?' எப்படி?"

"எங்க நின்னாருன்னு சொல்லலியா அவரு?"

"ரெண்டு தடவை கேட்டேன். வாயே திறக்கல. நியாயமான காரணம்னா சொல்லியிருக்க மாட்டானா?"

"சொல்லியிருக்க மாட்டாரு. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு நான் கெஞ்சிக் கேட்டிருந்தேன். முக்கியமா நான் கட்டிக்கப் போறவன்கிட்ட."

லைல் கடிதத்தை இறக்கினான். டார்லாவை அவன் கட்டி மூன்று வருஷம்தான் ஆகிறது. அவளுடைய முதல் புருஷன் ராண்டி குடிகாரன், எங்கேயோ வேறு ஊருக்குப் போய்விட்டான் என்பதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை.

"ராண்டி போனது ஜெயிலுக்கு, லைல். வெளிய வந்ததும் என்னைக் கொல்லாம விடமாட்டேன்னு சொல்லி அனுப்பினான். வெளிய வந்தவன் மறுபடி பிடிபட ரெண்டு குளிர்காலம் ஆச்சு. வெக்கமா இருந்துச்சு, உங்கிட்ட சொல்லல."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். குலுங்கிக்கொண்டிருந்த காரின் எஞ்சின் மூடி மேல் கையை வைத்தாள்.

"அந்த ரெண்டு குளிர்காலமும் ராத்திரி என் வீட்டு வாசல்ல இந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் கண்ணை மூடுவேன்."